ஐந்து எழுத்தா, இருபது ஒலியா?

சிங்கப்பூரின் வடகிழக்கு முனையில் பொங்கோல் என்னும் நகர் உள்ளது. மீன் பிடிப்போரும், பன்றியும் கோழியும் வளர்ப்போரும் வாழ்ந்த சிற்றூராய் இருந்தது அது. 1996 ஆம் ஆண்டில் புதுநகர்த் திட்டம் அறிவிக்கப்பட்டது. 2003 ஆம் ஆண்டில் வடகிழக்கு இரயில் பாதையும் வந்து சேர்ந்தது. இன்று அஃது இளங்குடும்பங்கள் நிறைந்த அடுக்குமாடி நகர். லிட்டில் இந்தியா நிலையத்தில் ஏறும் தமிழ்ப் பிள்ளை வண்டி மாறாமலே அங்குச் சென்று இறங்கலாம். இறங்கியவுடன் ஊர்ப்பெயர் ஆங்கில எழுத்திலும் சீன எழுத்திலும் தமிழெழுத்திலும் பொறிக்கப்பட்டிருப்பதைக் காணலாம்.

தமிழில் அப்பெயர் ‘பொங்கோல்’. ஆங்கிலத்தில் பி, யூ, என், ஜி, ஜி, ஓ, எல் என ஏழெழுத்து. இவற்றுள் யூ நிற்கும் இடத்தில் முன்னாளில் ஓ என்னும் எழுத்தே நின்றது. பழைய சாலைப் பலகைகளிலும் உணவகப் பெயர்களிலும் அவ்வாறு எழுதப்பட்டதைப் பார்த்தவர் இன்னும் பலர் உளர். எழுத்து மாறிற்றே அன்றி ஊரார் வாயில் ஒலி மாறவில்லை. தமிழ்ப் பலகையோ முதலில் ஒகரக் குறிலையும் அடுத்து ஓகார நெடிலையும் ஐயத்திற்கு இடமின்றிக் காட்டி நிற்கின்றது.

இனி, பாலர் பள்ளியில் ஆங்கில நெடுங்கணக்கு கற்ற ஐந்து வயதுப் பிள்ளை அந்த ஏழெழுத்தை எழுத்துக்கூட்டிப் படிக்கின்றது என்று கொள்வோம். சுவரில் தொங்கும் வண்ண அட்டையில் ஏ, ஈ, ஐ, ஓ, யூ என்னும் ஐந்தும் சிவப்பு மையில் இருக்கும். எஞ்சிய 21 எழுத்தும் நீல மையில் இருக்கும். சிவப்பு உயிர், நீலம் மெய். யூ என்பதற்கு அருகில் குடைப்படம். அதன் பெயர் அம்பிரெல்லா. ஆகவே யூ என்பது அகரத்தை ஒத்த ஒலி என்று பிள்ளை கொள்ளும். ‘பங்கல்’ என்றோ ‘பங்கொல்’ என்றோ தன் ஊரின் பெயரைப் படிக்கும். வீட்டார் நகைப்பர். பிள்ளை தவறேதும் செய்யவில்லை. கற்பித்ததைக் கற்பித்தபடியே செய்தது.

இதை எல்லாப் பிள்ளைகளுக்கும் நேரும் மழலைத் தடுமாற்றம் என்று தள்ளிவிடுதல் எளிது. ஆனால் சிங்கப்பூரில் அத்தடுமாற்றத்திற்கு விலை உண்டு. 1987 முதல் எல்லாப் பள்ளிகளிலும் ஆங்கிலமே முதல் மொழி. தாய்மொழிப் பாடம் நீங்கலாகக் கணக்கும் அறிவியலும் அதன் வழியாகவே வருகின்றன. தொடக்கநிலை ஒன்றில் ஆங்கிலம் வாசிக்க இயலாத பிள்ளை கற்றல் ஆதரவுத் திட்டத்தின்கீழ்ச் சிறு குழுவில் தனியே அமர்த்தப்படுகின்றது. அத்திட்டம் நல்லதே. ஆயினும், பிள்ளை அங்கு அனுப்பப்பட்ட அன்று வீட்டில் எடுக்கப்படும் முடிவு என்ன? “இனிமேல் வீட்டில் இங்கிலீசிலேயே பேசுவோம், தமிழ்தான் குழப்புகிறது” என்பதே பல இல்லங்களில் எடுக்கப்படும் முடிவு. 2010 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், ஐந்து வயதும் அதற்கு மேலும் ஆன குடியிருப்போரில் வீட்டில் ஆங்கிலத்தையே மிகுதியாகப் பேசியோர் 32.3 விழுக்காட்டினர், 2020 இல் அது 48.3 ஆக உயர்ந்தது. தமிழைப் பேசியோர் அவ்வாண்டில் 2.5 விழுக்காட்டினரே. இம்மாற்றத்திற்குக் காரணங்கள் பல. அவற்றுள் ஒன்று தமிழைப் பற்றிய இந்த வீண் பழி. அப்பழியை ஆராய்ந்து பார்க்குமிடத்து, குழப்பத்தை விளைப்பது தமிழன்று, ஐந்து சிவப்பெழுத்து அட்டையே என்பது புலப்படும்.

அட்டையின் அடிப்படைப் பிழை ஒலியையும் வரிவடிவத்தையும் ஒன்றாக மயங்கியது. ஆங்கிலத்தில் எழுத்து 26. ஒலியோ பிரித்தானியப் பொதுவழக்கைக் கொண்டு எண்ணினால் 44. அவற்றுள் உயிரொலி 20. தனியுயிர் 12, கூட்டுயிர் 8. இருபது ஒலிக்கும் ஐந்து எழுத்தே இருத்தலின், ஓரெழுத்து பல வேடம் புனைய வேண்டியதாயிற்று. ஐந்தும் போதாமல் வை, டபிள்யூ முதலிய எழுத்துகளும் உயிரின் வேலைக்கு அழைக்கப்படுகின்றன. வானத்தைக் குறிக்கும் ‘ஸ்கை’ என்னும் சொல்லை எஸ், கே, வை என்று எழுதிவிட்டு, “உயிரெழுத்தை அடிக்கோடிடுக” என்று பயிற்சித்தாளில் கேட்டால் சிவப்பெழுத்து மட்டுமே தெரிந்த பிள்ளை என்ன செய்யும்? உயிரின்றி ஒரு சொல் ஒலிப்பது எங்ஙனம் என்னும் ஐயம் அதற்குத் தோன்றினால், அப்பிள்ளைக்குப் பரிசு அளிக்க வேண்டும்.

தமிழிலக்கணம் இவ்விடத்தில் தெளிவாக நிற்கின்றது. தொல்காப்பியமும் நன்னூலும் எழுத்து என்னும் சொல்லை முதன்மையாக ஒலிக்கே வழங்குகின்றன. வடிவம் அதற்கு அடையாளம். தொல்காப்பியர் முப்பது முதலெழுத்தையும், சார்ந்து வரும் மூன்றையும் வகுத்துவிட்டு, பிறப்பியலில் அவை வாயில் எங்கே பிறக்கின்றன என்று சொல்லப் புகுகின்றார். வாயைத் திறந்தவளவில் பிறப்பன அகர ஆகாரம். அத்துடன் நாவின் விளிம்பு மேல்வாய்ப் பல்லின் அடியைப் பொருந்தப் பிறப்பன இ, ஈ, எ, ஏ, ஐ. இதழ் குவியப் பிறப்பன உ, ஊ, ஒ, ஓ, ஔ. கண்ணாடி ஒன்றைக் கையில் கொடுத்தால் ஐந்து வயதுப் பிள்ளையும் இதைச் சோதித்தறியலாம். ‘வவல்’ என்னும் ஆங்கிலச் சொல்லும் அதன் இலத்தீன் மூலமும் குரலையே சுட்டுகின்றன. ‘கான்சொனன்ட்’ என்பது உடன் ஒலிப்பது எனப் பொருள்படும். ஆக, மேலைநாட்டார் இலக்கணத்திலும் ஒலியே முதலில் நின்றது. அதை மறந்தது பள்ளி அட்டையே.

ஆதலின், தமிழில் எழுதப்படும் நூல்களிலும் வகுப்பறைப் பேச்சிலும் “ஆங்கிலத்தில் உயிரெழுத்து ஐந்து” என்று வழங்கும் தொடரைத் தமிழாசிரியர்களாவது கைவிடல் வேண்டும். அது மொழிபெயர்ப்பன்று, மயக்கத்தைத் தமிழுக்குள் இறக்குமதி செய்தல்.

எழுத்துகளின் பெயர் இன்னொரு முள். தமிழ் வகுப்பில் ஈ என்றால் ஈதான். பெயரும் ஒலியும் ஒன்று. ஆங்கில வகுப்பில் ஈ என்று பெயர் பெற்ற எழுத்து எலிஃபன்ட் என்னும் சொல்லில் எகரக் குறிலாகின்றது. ஐ என்று பெயர் பெற்றது இங்க் என்பதில் இகரமாகின்றது. ஏ என்று பெயர் பெற்றது ஆப்பிள் என்பதில் எகரமும் ஆகாரமும் அல்லாத இடைப்பட்டதோர் ஒலியாகின்றது. இவ்வொலிக்குத் தமிழில் எழுத்தில்லை. எனவே நம்மவர் வாயில் அஃது ஆகாரமாகவோ ஏகாரமாகவோ விழுகின்றது.

இக்குழப்பத்திற்கு வரலாறு உண்டு. ஏறத்தாழ 1400 முதல் 1700 வரை ஆங்கில நெடில்கள் ஒன்றன்பின் ஒன்றாக இடம் பெயர்ந்தன. அதற்கு முன் ‘நேம்’ என்னும் சொல் ‘நாம’ என்பது போலவும், ‘டைம்’ என்பது ‘டீம’ என்பது போலவும், ‘ஹவுஸ்’ என்பது ‘ஹூஸ்’ என்பது போலவும் ஒலித்தன. காக்ஸ்டன் 1476 இல் இங்கிலாந்தில் அச்சுக்கூடம் அமைத்தார். எழுத்துக்கூட்டல் அச்சில் உறையத் தொடங்கியது. ஒலியோ நில்லாமல் ஓடிற்று. மலாய்மொழி உரோமன் எழுத்தை ஏற்றபோது இந்த இடப்பெயர்ச்சியை ஏற்கவில்லை. அதனால்தான் அதே வடகிழக்குப் பாதையில் உள்ள போத்தோங் பாசிர் நிலையத்தின் பெயரில் ஏ என்னும் எழுத்து ஆகாரமாகவும், ஐ என்னும் எழுத்து இகரமாகவும் இனிதே ஒலிக்கின்றன. ஆங்கிலம், மலாய், சீனம் என மூவகை மூலத்திலிருந்து வந்த பெயர்கள் ஒரே எழுத்தில் அணிவகுக்கும் ஊரில் வாழும் பிள்ளைக்கு, ‘ஓரெழுத்துக்கு ஓரொலி’ என்னும் பாடம் வீட்டுக்குத் திரும்பும் வழியிலேயே பொய்த்துப் போகின்றது.

அட்டையின் குறையை விதிகளால் நிரப்ப முயல்வோர் உளர். ஈருயிரெழுத்து அடுத்து வந்தால் முதலது நீண்டொலிக்கும், பின்னது ஒலியாது என்பது ஒரு விதி. சொல்லின் ஈற்றில் ஈ வந்தால் முன்னுள்ள உயிர் நீளும், ஈற்றெழுத்து ஒலியாது என்பது மற்றொன்று. அமெரிக்க அறிஞர் தியோடர் கிளைமர் 1963 இல் இவற்றை எண்ணிப் பார்த்தார். தொடக்கப்பள்ளி வாசிப்பு நூல் வரிசைகள் நான்கில் கண்ட சொற்களைக் கொண்டு 45 விதிகளைச் சோதித்தார். நூற்றுக்கு 75 இடத்திலேனும் பொருந்த வேண்டும் என்னும் அளவுகோலை வைத்துப் பார்த்தபோது தேறியவை 18 மட்டுமே. மேற்கூறிய முதல் விதி 45 விழுக்காடே பொருந்திற்று. இரண்டாவது 63 விழுக்காடு. வருவதைக் குறிக்கும் ‘கம்’, கொடுத்தலைக் குறிக்கும் ‘கிவ்’, உடைமையைக் குறிக்கும் ‘ஹேவ்’ ஆகிய மூன்றும் ஈற்றில் ஈ உடையவை. மூன்றும் விதிக்கு அடங்கா. இவை அருஞ்சொற்களும் அல்ல. பாலர் நூலின் முதற்பக்கத்தில் வருவன. தமிழிலக்கண ஆசிரியர் விதி கூறினால் புறனடையும் கூறுவர். விதியைப் பாட்டாக்கி ஆடவைத்துப் புறனடையைப் பிள்ளையே கண்டுபிடிக்கட்டும் என்று விடுதல் கற்பித்தல் ஆகாது.

எழுத்தையே மாற்றிவிட்டால் என்ன என்று எண்ணியவர்களும் உண்டு. ஜேம்ஸ் பிட்மன் வகுத்த 44 வடிவங்கொண்ட தொடக்க நெடுங்கணக்கு 1961 முதல் பிரித்தானியப் பள்ளிகளில் சோதிக்கப்பட்டது. அதில் பிள்ளைகள் விரைந்து வாசித்தனர் என்பர். பின்னர் வழக்கமான எழுத்துக்கு மாறும்போது பலர் இடறினர், முறையும் வழக்கொழிந்தது. பிள்ளைக்கு இரண்டு ஆண்டு வசதி செய்து கொடுத்து, பிறகு உலகத்தின் எழுத்தை நீட்டினால் வேறென்ன நேரும்?

சிங்கப்பூர்த் தொடக்கப்பள்ளிகளில் 2006 இல் தொடங்கிய ‘ஸ்டெல்லார்’ திட்டம் வேறு வழியில் செல்கின்றது. ஆசிரியரும் வகுப்பாரும் ஒரு பெரிய நூலைச் சேர்ந்து படித்து, கதையில் கண்ட சொல்லிலிருந்து எழுத்துக்கும் ஒலிக்கும் செல்வது அதன் நெறி. பொருளோடு சொல் வருதலின் இது பாராட்டத் தக்கது. ஆயினும் கதையை இரசித்த பிள்ளை சொல்லைப் பகுத்துப் படிக்கவும் வல்லதாய்விடும் என்பதற்கு உறுதியில்லை. சொல்லைப் பகுத்தலும் கூட்டலும் தனியே பழக்கப்பட வேண்டியவை. இப்பழக்கம் தமிழ்ப் பிள்ளைக்கு ஏற்கெனவே ஒரு வகுப்பில் கிடைத்துக்கொண்டிருக்கின்றது என்பதுதான் பலரும் காணத் தவறுவது.

க் என்னும் மெய்யும் ஆ என்னும் உயிரும் கூடினால் கா. ம் என்பதும் ஈ என்பதும் கூடினால் மீ. உயிர்மெய் வரிசை முழுவதும் இக்கூட்டலே. ஆங்கில ஆசிரியர் ‘ஃபோனிக்ஸ்’ என்று பெயரிட்டுக் கற்பிக்கும் ஒலிச்சேர்க்கையும் இதுவே. காலை எட்டரைக்கு ஆங்கில வகுப்பில் இதைச் செய்ய இயலாது விழித்த பிள்ளை, பத்து மணிக்குத் தமிழ் வகுப்பில் இதையே பாடிக்கொண்டிருக்கும். இரண்டும் ஒரே வேலை என்று அதற்கு யாரும் சொல்வதில்லை.

மெய்யை ஒலிக்கும் முறையிலும் தமிழுக்கு ஒரு நயம் உண்டு. ஆங்கில வகுப்புகள் பலவற்றில் மெய்யெழுத்தை ஒலிக்கும்போது அதன் பின்னே ஓர் அகரம் ஒட்டிக்கொள்கின்றது. பி என்பது ‘ப’ ஆகின்றது. டி என்பது ‘ட’ ஆகின்றது. இவற்றைக் கூட்டி ஒரு சொல்லாக்கச் சொன்னால் பிள்ளையின் வாயில் இடையிடையே அகரம் முளைத்துச் சொல் சிதைகின்றது. தமிழ்ப் பிள்ளை ‘இப்’, ‘இட்’ என்று சொல்லிப் பழகியது. உயிர் முன்னே நிற்பதால் மெய் தன் இடத்தில் தூய்மையாக அடங்குகின்றது. மெய்க்கு அரை மாத்திரை என்னும் கணக்கும் உடன் உதவும்: ஒட்டிய அகரத்தால் அரை மாத்திரை ஒரு மாத்திரையாகிவிட்டது என்று கைநொடித்துக் காட்டலாம்.

இவ்வளவும் கூறியபின், தமிழ் எல்லாம் தரும் என்று கொள்ளுதலும் பிழையாகும். உயிரில் வல்ல தமிழெழுத்து வல்லினத்தில் பிள்ளைக்குத் துணை செய்யாத இடம் ஒன்று உண்டு. ‘பம்பரம்’ என்னும் சொல்லில் முதற் பகரமும் இரண்டாம் பகரமும் ஒரே ஒலியல்ல. முன்னது அதிர்வின்றியும் பின்னது குரல்வளை அதிர்வோடும் ஒலிக்கின்றது. இடத்தால் ஒலி தானே மாறுதலின், பொருள் வேறுபடாமையின், தமிழுக்கு ஓரெழுத்தே போதும். ஆங்கிலத்தில் குண்டூசியும் ‘பின்’, குப்பைத்தொட்டியும் ‘பின்’. இங்கே தமிழில் எழுதிக் காட்டவே முடியவில்லை என்பதே சான்று. அதிர்வு ஒன்றே இரண்டையும் பிரிப்பது. தமிழ்ப் பிள்ளையின் வாய்க்கு இரண்டொலியும் வரும். அவ்வேறுபாடு பொருளை மாற்றும் என்பதே அதற்குப் புதுச் செய்தி.

வடகிழக்குப் பாதையே மீண்டும் சான்று தருகின்றது. பொங்கோலுக்கு முந்திய நிலையம் செங்காங். தமிழ்ப் பலகைகளில் இரண்டிலும் ஙகர ஒற்றை அடுத்துக் ககர வரிசையே நிற்கின்றது. ஆங்கிலத்திலோ ஒன்றில் ஜி-யும் மற்றொன்றில் கே-யும் உள்ளன; ஒலியும் அவ்வாறே வேறு. உயிரில் தெளிவாக இருந்த தமிழ்ப் பலகை இங்கே ஊமையாகிவிடுகின்றது. ஆங்கிலமும் முற்றும் தெளிவன்று. பாடகரைக் குறிக்கும் ‘சிங்கர்’ என்பதில் உள்ளது ஙகர ஒலி மட்டுமே. விரலைக் குறிக்கும் ‘ஃபிங்கர்’ என்பதில் ஙகரமும் ககரமும் உண்டு. எழுத்தில் இரண்டிற்கும் ஒரே என், ஜி. மலாய்மொழி மட்டுமே முதலதற்கு ஒரு ஜி, இரண்டாவதற்கு இரண்டு ஜி என வரையறுத்துக் கொண்டது. பொங்கோலில் இரட்டை ஜி வந்த கதை அதுவே. பூவுக்கும் உயரத்துக்கும் உள்ள மலாய்ச் சொற்களை அடுத்தடுத்துச் சொல்லச் செய்தால் பிள்ளையின் காது இதை எளிதில் பிடித்துக்கொள்ளும்.

சொல்லின் ஈறும் கவனிக்கத் தக்கது. தமிழில் வல்லின மெய் மொழிக்கு ஈறாகாது. ஆகவே நம் வாய் ‘புக்கு’ என்றும் ‘பஸ்ஸு’ என்றும் உகரம் சேர்க்கும். சிங்கப்பூர்ப் பேச்சாங்கிலமோ ஈற்றில் நிற்கும் மெய்களுள் கடைசியை விழுங்கிவிடும். தமிழ்ப் பிள்ளை இவ்விரு இழுப்புக்கும் நடுவே நிற்கின்றது. ஆசிரியர் இதனை அறிந்திருந்தால் அதட்ட மாட்டார்.

எந்த ஆங்கிலத்தின் ஒலியைக் கற்பிப்பது என்னும் வினாவும் உண்டு. கடைகளில் விற்கும் ஒலிப்பதிவுகள் பெரும்பாலும் இலண்டன் வழக்கையோ அமெரிக்க வழக்கையோ தழுவியவை. இலண்டனில் ‘மேக்’ என்பதன் உயிர் ஏகாரத்தில் தொடங்கி இகரத்தில் முடியும் கூட்டொலி. சிங்கப்பூரார் வாயில் அது பெரும்பாலும் தமிழ் ஏகாரத்தைப் போன்ற தனி நெடில். ஓகாரமும் அவ்வாறே. இங்கே தமிழ்ப் பிள்ளையின் ஏகார ஓகாரங்களைத் திருத்த வேண்டியதே இல்லை. மாறாக, ஆட்டைக் குறிக்கும் ‘ஷீப்’, கப்பலைக் குறிக்கும் ‘ஷிப்’ ஆகியவற்றின் நெடில் குறில் வேறுபாட்டை நம் ஊர்ப் பேச்சு மழுக்கிவிடுகின்றது. இகர ஈகாரம் பயின்ற தமிழ்ப் பிள்ளை அதை மற்றவரினும் எளிதாகக் காக்கும். நாவின் நிலையிலும் சிறிது வேறுபாடு உண்டு என்பது மெய்யே. பாலர் வகுப்புக்கு நீட்டமும் குறுக்கமும் போதும்.

உயிர், மெய் என்னும் பாகுபாடு பாலருக்கு வேண்டுவதே இல்லையா எனின், பெயர் பின்னர் வரலாம். வேறுபாடு முன்னரே உணர்த்தப்பட வேண்டும். பெயர் உண்மையிலேயே பயன்படும் இடம் ஒன்று தொடக்கநிலையில் வருகின்றது. ஆங்கிலத்தில் ஒன்று என்னும் பொருளில் பெயருக்கு முன் வரும் சிறுசொல், உயிர்முன் ‘ஆன்’ என்றும் மெய்ம்முன் ‘எ’ என்றும் நிற்கும். அட்டையை நம்பிய பிள்ளை யூ-வில் தொடங்கும் சொல்லுக்கெல்லாம் ‘ஆன்’ போடும். ஆனால் குடைக்கு ‘ஆன் அம்பிரெல்லா’ என்றும், பள்ளிச் சீருடைக்கு ‘எ யூனிஃபார்ம்’ என்றும் வருகின்றன. எழுத்து ஒன்றே; முதலொலியோ ஒன்றில் அகரத்தை ஒத்த உயிர், மற்றொன்றில் யகர மெய். தமிழ் வகுப்பில் அதே பிள்ளை உயிர்முன் ‘ஓர்’, மெய்ம்முன் ‘ஒரு’ என்று கற்கின்றது: ஓர் இலை, ஒரு மரம், ஓர் ஊர், ஒரு யானை. யானைக்கு ஏன் ‘ஒரு’ என்று கேட்டால் யகரம் மெய் என்று சொல்லத் தெரிந்த பிள்ளைக்குச் சீருடைக்கு ஏன் ‘எ’ என்று விளக்க இரண்டு நிமிடம் போதும். ஆங்கில ஆசிரியர் ‘ஆன்’ தொடங்கும் வாரத்தில் தமிழாசிரியர் ‘ஓர்’ என்பதை மேசைக்கு எடுத்துக்கொள்ளலாம். ஆசிரியர் அறையில் இருவரும் ஒரு கோப்பைத் தேநீர் அருந்தும் நேரத்தில் பேசி முடிவு செய்யக்கூடிய காரியம் அது.